குழாயில் நின்ற ராகுகாலம்

2052-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் மனித இதயத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவதற்கு எல்லா வசதியும் இருந்தது. நிறுத்துவதற்கு நல்ல நேரம் மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

அவிநாசி சாலையில் இருந்த அந்தக் குழந்தைகள் இதய மருத்துவமனையின் தலைமைச் சர்ஜன் டாக்டர் வரதராஜுலு. நாற்பது வருட அனுபவத்தில் ராகுகாலத்தில் கத்தியைத் தொட்டவர் இல்லை. மற்றபடி அவர் முழு அறிவியல்வாதி. ஜெனீவாவில் கட்டுரை வாசித்திருக்கிறார். அன்றைக்கும் எமகண்டம் முடிகிற வரை கழிப்பறையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மேடை ஏறினார். இந்திய நேரப்படி.

திங்கட்கிழமை ராகுகாலம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. ஆபரேஷன் தியேட்டர் ஏழரைக்குத் தயாராகிவிடும். குழந்தை தயார், மயக்க மருந்து தயார், நர்ஸுகள் தயார். டாக்டர் மட்டும் தன் அறையில் செய்தித்தாளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார். இந்த ஒன்றரை மணி நேரத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், கருணாம்பிகை உட்பட.

கருணாம்பிகைக்கு நாற்பத்து மூன்று வயது. ஆபரேஷன் நடக்கும்போது குழந்தையின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்கிற மெஷினை ஓட்டுகிறவள். தியேட்டரில் அதற்குப் பெயர் பம்ப். குழந்தையின் இரத்தம் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகும். சின்னக் குழந்தைகளுக்கு உடம்பில் இருக்கிற இரத்தமே கொஞ்சம் என்பதால், குழாய்களை முன்கூட்டியே தானமாக வந்த இரத்தத்தால் நிரப்பி வைக்க வேண்டும். காலை ஏழே காலுக்குள் நிரப்பியாக வேண்டும் என்பது சட்டம். நிரப்பாவிட்டால் கூரையில் இருக்கிற 'நாடி' கதவைத் திறக்காது.

நாடி என்பது மருத்துவமனையின் செயற்கை அறிவு. குழந்தைகளின் இதயத் துடிப்பை நொடிக்கு ஆயிரம் முறை கவனிக்கும். குழாயில் இரத்தம் இருக்கிறதா என்று எடை போட்டுப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்குப் போடும். பச்சை விளக்கு வந்தால் நிர்வாக அதிகாரி நிரஞ்சனின் முகம் மலரும். அவருக்கு வேறு எதனாலும் முகம் மலர்ந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு புதன்கிழமை காலை கருணாம்பிகை வார்டுக்குப் போனாள். சோமனூர்ச் சிறுவன் தர்ஷன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். ஆறு வயது. முந்தின வாரம் திங்கட்கிழமை அவன் இதயத்தில் இருந்த ஓட்டையை டாக்டர் அழகாக அடைத்திருந்தார். ஓட்டை அடைபட்டது. கூடவே துடிப்பும் பாதியாகிவிட்டது. வயிற்றுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இந்தப் பொட்டிய எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டாள் அவன் அம்மா.

கருணாம்பிகை பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அப்போது அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எடுக்க மாட்டாங்க. பத்து வருஷத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க."

"ஓட்டைய அடைச்சா செரியாப் போயிரும்னுதானுங்க சொன்னாங்க?"

"ஓட்டை அடைஞ்சிருச்சுங்க. ஆனா இதயத்துல மேல் அறையில இருந்து கீழ் அறைக்குக் கரண்ட் போறதுக்கு ஒரு வழி இருக்குது. மேல தட்டுனா கீழ கேக்கோணும். இவனுக்குக் கேக்க மாட்டேங்குது. அந்தப் பொட்டிதான் இனிக் கீழ தட்டும்."

"எதனாலயுங்க?"

தைக்கும்போது ஊசி பட்டிருக்கலாம் என்பது புத்தகப் பதில். எப்போதாவது ஊசி அந்த வழியில் படத்தான் செய்யும். ஆனால் அந்த வருடம் ஊசிக்குக் கிழமை தெரிந்திருந்தது. மற்ற நாட்களில் நாற்பது குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி ஆனது. திங்கட்கிழமைகளில் பதினொன்றில் ஒன்று. தர்ஷன் அந்த வருடத்தில் இப்படி ஆன மூன்றாவது திங்கட்கிழமைக் குழந்தை. புத்தகப் பதிலைச் சொல்லாமல் கருணாம்பிகை வெளியே வந்து மாடிப்படியில் நின்று அழுதாள். அப்புறம் முகம் கழுவிவிட்டுப் போய், குப்பைக்குப் போக இருந்த குழாய்களில் மிச்சம் நின்ற இரத்தத்தைச் சின்னக் குப்பிகளில் பிடித்தாள்.

ஒரு மாதம் பிடித்தாள். ஆய்வகம் வைத்திருந்த கல்லூரித் தோழி ஒருத்திக்கு அனுப்பினாள். முடிவு வந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. பதினெட்டு வருடமாக ஏழே காலுக்கு அந்தக் குழாயை நிரப்பியவள் அவள்தான்.

அந்த முடிவோடு அவள் போன மருத்துவமனைக் கூட்டத்தில் அவளுக்கு முன்னால் நிரஞ்சன் பேசினார். சென்னையிலிருந்து வந்தவர். பெரிய திரையில் ஒரு வரைபடம் மலை மாதிரி எழுந்து நின்றது.

"நாடி ரொம்பத் தெளிவாச் சொல்லிடுச்சு சார். மண்டே, ஃப்ரைடே ரெண்டாவது கேஸ், சாட்டர்டே. மூணுலயும் பொதுவா இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ராகுகாலம். அதை ஒட்டி ஆரம்பிக்கிற கேஸ்ல ரிஸ்க் நாலு மடங்கு."

டாக்டர் வரதராஜுலு மேசையைத் தட்டினார். "நாப்பது வருசமாச் சொல்றேன். எத்தன பேர் சிரிச்சீங்க?"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டாக்டரின் ஊசிமேல் விழ இருந்த பழி ராகுவின் மேல் விழுந்ததில் அவர் பத்து வயது குறைந்து தெரிந்தார்.

"சார், ஒரு நிமிசமுங்க," என்று எழுந்தாள் கருணாம்பிகை. "ராகுகாலத்துல நாம ஒண்ணுமே பண்றதில்லீங்க. சும்மாதான் உக்காந்திருக்கறம். ஆனா அந்த ஒன்றரை மணி நேரமும் இரத்தம் குழாய்ல நிக்குது. குழாய் வளையறதுக்காக பிளாஸ்டிக்ல ஒரு கெமிக்கல் சேக்கறாங்க. அது இரத்தத்துல எறங்கிருது. சூடா சாம்பார் கவர்ல கட்டிட்டு வந்தா சாம்பார்ல கவர் வாசம் வருதல்லங்க, அதே கதைதான். அந்தக் கெமிக்கல் போய் இதயத்துல கரண்ட் போற வேகத்தக் கொறைக்குது. நின்ன நேரம் ஏற ஏற, அளவும் ஏறுது. ரிப்போர்ட் இருக்குதுங்க."

"குழாய்க்கு சர்ட்டிஃபிகேட் இருக்கே மேடம்," என்றார் நிரஞ்சன்.

"அது அறுவது கிலோ ஆளுக்கு வாங்குன சர்ட்டிஃபிகேட்டுங்க. இவிங்க பத்துக் கிலோ. அதுவுமில்லாம இப்பப் பொறக்கற குழந்தைக இரத்தத்துல பிளாஸ்டிக் ஏற்கெனவே இருக்குது. பால் புட்டியில இருந்து, தண்ணியில இருந்து, காத்துல இருந்து. பொறக்கறப்பவே கரண்ட் மெதுவாத்தான் போகுது. விளிம்புல நிக்கறவன லேசாத் தள்ளுனாப் போதுமுங்க."

"ஆனா எல்லாருக்கும் நார்மல் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?"

"லிமிட்டத்தான் ரெண்டு தடவ தூக்கி வெச்சாச்சேங்க."

அது உண்மைதான். இருபது வருடத்தில் உலகத்துக் குழந்தைகளின் இதய மின்சாரம் மெதுவாகிக்கொண்டே வந்தபோது நிபுணர்கள் கூடி ஆழ்ந்து யோசித்தார்கள். பிளாஸ்டிக்கைக் குறைப்பது கஷ்டம், பாடப்புத்தகத்தில் ஓர் எண்ணை மாற்றுவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். புதிய பதிப்பு வந்த அன்றே உலகம் முழுவதும் கோடிக்கணக்கான குழந்தைகள் ஒரே நாளில் குணமடைந்தார்கள்.

கருணாம்பிகையின் ரிப்போர்ட்டை ஆராய ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்துக்குக் குறித்த நாள் அஷ்டமி என்று தெரியவந்ததால் தள்ளிப் போடப்பட்டது. ராகுகாலத்தைப் பற்றி மட்டும் உடனே முடிவெடுத்தார்கள். ராகுகாலம் முடிந்த பிறகும் அதன் வால் கொஞ்ச நேரம் நீளும் என்று டாக்டர் கருதினார். அதனால் திங்கட்கிழமைகளில் இனி ஒன்பதுக்குப் பதில் ஒன்பதரைக்குக் கத்தி எடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. குழாயை நிரப்பும் நேரம் அதே ஏழே கால்.

மூன்று மாதத்தில் பதினொன்றில் ஒன்று என்பது ஏழில் ஒன்று ஆனது. "ராகுகாலத்தின் தாக்கம் முன்பு கணித்ததைவிட நீளமானது" என்று நாடி தன் இனிய குரலில் அறிவித்தது. பத்து மணி வரை காத்திருக்கலாமா என்று நிரஞ்சன் ஒரு சுற்றறிக்கை விட்டார். வார்டில் வயிற்றில் தீப்பெட்டியோடு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கருணாம்பிகை எல்லா வழியும் பார்த்தாள். இரத்தத்தைத் தாமதமாக ஊற்றிப் பார்த்தாள். நாடி கதவைத் திறக்கவில்லை, அவளுக்கு ஒரு மெமோ வந்தது. குழுவின் தலைவரைத் தேடிப் போனாள். ரிப்போர்ட் மிக நன்றாக இருக்கிறது என்றும், படிக்க ஆவலாக இருப்பதாகவும் அவர் சொன்னார். டாக்டரிடம் தனியாகப் பேசினாள்.

"அம்மிணி, நீ நல்லா பம்ப் ஓட்டறே. பம்ப்ப மட்டும் பாரு," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பேஸ்மேக்கர் வைத்த ஒவ்வொரு குழந்தைக்காகவும் அவர் மருதமலைக்கு நடந்தே போய்வந்தார். குழாய்ப் பக்கம்தான் ஒரு தடவையும் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை சூலூரிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்திருந்தது. தியேட்டர் வாசலில் அது கருணாம்பிகையின் விரலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மணி ஆறே முக்கால். அரை மணி நேரத்தில் குழாயை நிரப்ப வேண்டும். ஏழில் ஒன்று என்ற கணக்கில் முந்தைய ஆறு திங்கட்கிழமைக் குழந்தைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணக்கு அப்படி வேலை செய்யாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இது ஏழாவது. குழந்தையின் விரலை மெதுவாகப் பிரித்து நர்ஸிடம் விட்டுவிட்டு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு விசயமுங்க. வேற யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லு அம்மிணி."

"கனவு வந்துச்சுங்க. அவிநாசி அம்மன் வந்தாங்க. நம்ம தியேட்டருக்குள்ள. பம்ப்புக்குப் பக்கத்துல நின்னாங்க."

டாக்டர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவள் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்த அன்று அவர் அதை மடிக்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"'என்ற புள்ளைக்குப் போற இரத்தத்தக் குழாய்ல நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறியாடி'ன்னு கேட்டாங்க. அது ராகுகாலத்துல அங்க நிக்கக் கூடாதாமுங்க. குழாய உப்புத் தண்ணி ஊத்திக் கழுவி வெச்சிரு, நெஞ்சத் தொறந்த பொறகு இரத்தத்த ஊத்துன்னாங்க."

"தொறந்து எவ்வளவு நேரத்துல?"

"பத்து நிமிசத்துக்குள்ளயுங்க."

"அம்மன் நிமிசக் கணக்குச் சொன்னாங்களா?"

"செவுத்துல இருக்கற கடியாரத்தப் பாத்துட்டுத்தானுங்க சொன்னாங்க."

டாக்டர் வரதராஜுலுவின் கண்கள் கலங்கின. எழுந்து நின்று கை கூப்பினார். அடுத்த பன்னிரண்டு நிமிடத்தில் நிரஞ்சன் நாடியின் விதியைத் திருத்தினார். ஏழு பேர் கொண்ட குழு ஐந்து மாதமாகத் தொடாத விதி அது. பட்டியலில் 'இரத்தம், 7.15' என்ற வரி போய் 'இரத்தம், அம்மன் நேரம்' என்று வந்தது. செயற்கை அறிவு மறுபேச்சுப் பேசவில்லை. பச்சை விளக்குப் போட்டது.

சூலூர்க் குழந்தை ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது. அதன் இதயம் தானாகவே துடித்தது. அடுத்த திங்கட்கிழமைக் குழந்தையும் அப்படியே போனது. அதற்கடுத்ததும் போனது. ஆறு மாதத்தில் திங்கட்கிழமைக்கும் மற்ற கிழமைக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. கருணாம்பிகை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் போய் சன்னிதியில் நின்று, அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். அம்மன் எப்போதும் போல இருந்தாள். அவளுக்கு நிமிடக் கணக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

இனிமேலாவது உண்மையைச் சொல்லலாம் என்று நம்பி, ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு நிரஞ்சனிடம் போனாள்.

"கனவெல்லாம் ஒண்ணும் வரலீங்க. நான்தான் சொன்னேன். இது பிளாஸ்டிக்தான். பாருங்க, இரத்தம் நிக்காதப்ப ஒண்ணும் ஆகறதில்ல. குழாய மாத்துனா இன்னும் நல்லா இருக்கும். மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லோணும்."

நிரஞ்சன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

"மேடம், நான் உங்களை நம்பறேன். ஆனா பிளாஸ்டிக்னு நீங்க சொன்னா, இத்தனை வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. கேஸ் வரும். குழாய்க் கம்பெனி நோட்டீஸ் அனுப்பும். அந்தக் குழு முடிவு சொல்ற வரைக்கும் பழைய ஏழே கால் விதிக்குத்தான் போகணும், சட்டப்படி. எத்தனை மாசமோ தெரியாது. அம்மன் சொன்னா உடனே கேக்கறோம். நீங்க சொன்னா கமிட்டி போடணும். எது வேணும், நீங்களே சொல்லுங்க."

குழு முடிவு சொல்வதற்குள் எத்தனை திங்கட்கிழமை வரும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. வரவேற்பறையில் அம்மன் படம் வந்தது. கீழே கருணாம்பிகையின் படம் வந்தது. நோயாளிகள் எதிர்பார்க்கிறார்கள் என்று சொல்லி, அவளைப் பெரிய குங்குமப் பொட்டும் தலை நிறையப் பூவும் வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். தியேட்டருக்குள் போகும்போது பூவைக் கழற்றிவிட வேண்டும், வெளியே வந்ததும் வைத்துக்கொள்ள வேண்டும். தாய்மார்கள் காலில் விழுந்தார்கள். முதல் வாரம் அவள் துள்ளி விலகினாள். இரண்டாவது மாதம் நின்ற இடத்தில் நின்றாள். குழாய்க் கம்பெனி அதே பிளாஸ்டிக்கை அதே கெமிக்கலோடு, பாக்கெட்டின் மேல் அம்மன் படம் அச்சடித்து விற்க ஆரம்பித்தது. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. டாக்டர் வரதராஜுலு அந்த வருட ஜெனீவா மாநாட்டில் 'இரத்தம் நிற்கும் நேரமும் இந்திய மரபும்' என்று பேசினார். கைதட்டினார்களாம்.

ஒரு வருடம் கழிந்த ஒரு திங்கட்கிழமை. மணி எட்டே முக்கால். தியேட்டர் வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தாள். பெயர் தமயந்தி. பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அவளுடைய நான்கு வயது மகள் இலக்கியா உள்ளே மயக்கத்தில் இருந்தாள். தமயந்தி காலில் விழவில்லை. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள்.

"நீங்கதானுங்களா பம்ப் மேடம்? ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க."

"போன வருசம் இங்க ஆபரேசன் பண்ணுன குழந்தைகளோட பெத்தவங்களத் தேடிப் போய்ப் பாத்தேனுங்க. பதினேழு குழந்தைக்குப் பேஸ்மேக்கர். இந்த வருசம் ரெண்டே ரெண்டு. சாமி வந்துச்சுன்னு போர்டு மாட்டியிருக்கீங்க. சாமிய விடுங்க. நீங்க நெசமாலுமே என்னத்த மாத்துனீங்க? இரத்தத்தயா? குழாயயா? இல்ல ஊத்தற நேரத்தயா?"

ஒரு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று கருணாம்பிகை ஏங்கியிருந்தாள். டாக்டர்கள் கேட்கவில்லை, குழு கேட்கவில்லை, பத்திரிகைக்காரர்கள் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள் ஒருத்தி, நோட்டும் பேனாவுமாக. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் இவளுக்கு ஒரே நிமிடத்தில் புரியும். புரிந்தால் இவள் சும்மா இருக்க மாட்டாள், வழக்குப் போடுவாள், ஊரைக் கூட்டுவாள். அப்படித்தான் செய்யவும் வேண்டும்.

நாலடி தள்ளி டாக்டர் வரதராஜுலு கை கட்டி நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கூரையில் நாடியும் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே பிளாஸ்டிக் என்ற ஒரு வார்த்தை வந்தால், மறுநாளிலிருந்து ஏழே கால். கனவு பொய் என்று டாக்டருக்குத் தோன்றினால் மறுநாள் வரைகூடத் தாங்காது. உள்ளே படுத்திருக்கிற இலக்கியாவுக்கான இரத்தத்தை இப்போதே குழாயில் ஊற்றச் சொல்வார்கள், டாக்டர் ஒன்பதரை வரை காத்திருப்பார்.

"எல்லாம் அம்மன் கருணைங்க," என்றாள் கருணாம்பிகை.

தமயந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். நோட்டை மூடினாள்.

"படிச்சவங்கதான நீங்க?"

டாக்டர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார்.

"ஒங்கள மாதிரி ஆளுகளாலதான் ஊரு இப்படிக் கெடக்குது," என்றாள் தமயந்தி. அவள் கண்ணில் நீர் நின்றது. மகளை இப்படிப்பட்டவள் கையில் கொடுத்துவிட்டோமே என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஆமாங்க," என்றாள் கருணாம்பிகை.

பூவை எடுத்து வாசலில் இருந்த கொக்கியில் மாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.